ஐறீன் மெல்லக் கதைக்கப் பழகியது

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் ஐறீன் மீன் பொரிப்பதா, குழம்பு வைப்பதா என்று கணவனிடம் கேட்டால், அது கீழ்வீடு வரைக்கும் சண்டைபோலத்தான் கேட்கும். புதிதாகக் குடிவந்த சிங்களப் பெண் ஒருநாள் படியேறி வந்து, ஏதும் பிரச்சினையா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தாள். ஐறீனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நோ நோ, ஹஸ்பண்டுக்குக் காது கேட்காது" என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

அவளுடைய கணவர் சவுந்தரநாயகம் துறைமுகத்தில் கிரேன்களுக்குக் கீழே வேலை செய்து ஓய்வுபெற்றவர். இரும்பும் இரைச்சலும் அவருடைய காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தன. முதலில் டீவியின் சத்தம் கூடியது. பிறகு பூசையில் மற்றவர்கள் எழுந்தால் எழும்பி, இருந்தால் இருந்தார். கல்கிசையிலிருந்து மகன் றொஹான் அழைத்தால், போனை எடுத்ததும் ஐறீனிடம் நீட்டிவிடுவார்.

இதில் ஐறீனுக்கு ஆன நட்டத்தை யாரும் யோசிக்கவில்லை, அவள் உட்பட. கத்திச் சொல்லத்தக்க விஷயங்கள் ஒரு வீட்டில் கொஞ்சம்தான். மருந்து குடிச்சாச்சா, கதவைப் பூட்டுங்கோ, பைப்பில தண்ணி நிண்டுட்டுது. சந்தையில் மீன்காரி சொன்ன பகிடியை மூன்று தரம் கத்திச் சொன்னால் அது பகிடியாக இருக்காது. அதனால் அவள் அப்படியானவற்றைச் சொல்வதையே விட்டுவிட்டாள்.

ஒருமுறை வெள்ளவத்தையில் காது மெஷின் விற்கும் ஒரு கடைக்குப் போய் விசாரித்தார்கள். இரண்டு காதுக்கும் சேர்த்துச் சொன்ன விலைக்கு ஒரு த்ரீவீலுக்கு முற்பணம் கட்டலாம். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "எனக்கு இப்ப என்ன கேட்கக் கிடக்கு" என்று மட்டும் சொன்னார்.

மருமகள் டில்ஷானிதான் விடவில்லை. வேலைத்தளத்தில் யாரோ சொல்லி, இணையத்தில் விற்கும் ஒரு சிறிய கம்பனியைக் கண்டுபிடித்தாள். விலை கடையில் சொன்னதில் கால்வாசிதான். வாங்கிய பிறகும் வவுனியாவிலிருந்து ஒரு காது நிபுணர் வீடியோவில் பார்த்துக்கொள்வாராம், காது மெஷினைப் போன் வழியாகவே திருத்திக் கொடுப்பாராம்.

"போனுக்குள்ள இருந்து காதைப் பார்க்கிறதோ?" என்று சவுந்தரநாயகம் சிரித்தார்.

அந்தக் காது நிபுணர் யோகேஸ்வரி, முப்பது வயது மதிக்கத்தக்க பெண். திரையில் வந்ததும் அவரிடம் நேராகவே கதைத்தாள், வாயசைவு தெரியும்படி நிதானமாக. எந்தக் காது மோசம், காதுக்குள் இரைச்சல் உண்டா, தலைச்சுற்று வருமா என்று கேட்டாள். டில்ஷானி கேள்விகளை அவருக்கு உரக்கத் திருப்பிச் சொன்னாள். கடைசியில் யோகேஸ்வரி சொன்னது அவர்கள் மூவரும் எதிர்பாராதது.

"அங்கிள், நான் இப்ப உங்களுக்கு மெஷின் தரமாட்டன். வலது காது இடதைவிட நல்லாக் குறைவாக் கிடக்கு. அதுக்கு என்ன காரணமெண்டு முதல்ல ஒரு காது டொக்டர் பார்க்கவேணும். ஆஸ்பத்திரியில காட்டி, ஒரு ஹியரிங் டெஸ்ட்டும் செய்துபோட்டு வாங்கோ."

விற்க வந்தவள் விற்கமாட்டேன் என்றது சவுந்தரநாயகத்துக்குப் பிடித்துப்போயிற்று. அரசாங்க ஆஸ்பத்திரியின் வரிசையில் முறுமுறுக்காமல் இருந்தார். வலது காதுக்குள் கல்லாகிக் கிடந்த ஊத்தையை டொக்டர் எடுத்தார். கெட்டது எதுவும் இல்லை, மிச்சம் இரைச்சலால் வந்த பாதிப்பு, மெஷின் உதவும் என்றார். டில்ஷானி அங்கே செய்த ஹியரிங் டெஸ்ட்டின் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து யோகேஸ்வரிக்கு அனுப்பினாள். அடுத்த கிழமை பார்சல் வந்தது.

போட்ட முதல் நாள் அவர் வீட்டுக்குள் புதிய ஆள்போல் நடந்தார். மின்விசிறி இப்படியா கத்தும் என்று கேட்டார். காகம், பொலித்தீன் பை, தேங்காய் துருவும் சத்தம், எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்த்தார். ஐறீன் அடுப்படியில் சிலுவை போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் பார்த்தால், மெஷின்கள் இரண்டும் அலுமாரி லாச்சிக்குள் கிடந்தன.

"ஏன் கழட்டினீங்கள்?"

"தலை இடிக்குது."

அவர் முடிவெட்டப் போன நேரம் பார்த்து ஐறீன் தானாகவே யோகேஸ்வரிக்கு அழைத்தாள். மருமகள் இல்லாமல் வீடியோவில் கதைப்பது அதுதான் முதல்முறை. போனை நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். யோகேஸ்வரி இடைமறிக்காமல் கேட்டாள்.

"அன்ரி, கோவிக்கக்கூடாது. நீங்கள் இப்ப என்னோடையே கத்தித்தான் கதைக்கிறீங்கள்."

ஐறீன் வாயை மூடிக்கொண்டாள்.

"இவ்வளவு காலமும் அங்கிளுக்காகக் கத்திப் பழகீட்டீங்கள். இப்ப அந்தச் சத்தம் நேரா அவற்ற காதுக்குள்ள விழுது. அது தலையிடிக்கும். அதாலதான் எண்டு சொன்னா நீங்கள் கவலைப்படுவீங்களெண்டு அவர் சொல்லாம விட்டிருப்பார்."

இவ்வளவு காலம் யாருக்காகத் தொண்டை கிழியக் கத்தினாளோ, அவருக்கு அவளுடைய குரலே தாங்கவில்லை. ஐறீனுக்கு அழுகை வந்தது. யோகேஸ்வரி அவளை அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இது உங்கட பிழையில்ல, அன்ரி. அவர் வந்ததும் கோல் எடுங்கோ, ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் நான் சரிபண்ணவேணும்" என்றாள்.

பின்னேரம் சவுந்தரநாயகம் மெஷின்களைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். யோகேஸ்வரி வவுனியாவில் எதையோ தட்டினாள். இங்கே அவருடைய புருவம் உயர்ந்தது. பைப்பைத் திறக்கச் சொன்னாள், கோப்பையைக் கரண்டியால் தட்டச் சொன்னாள், யன்னலைத் திறந்து தெருச் சத்தத்தை உள்ளே விடச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டுக் கூட்டிக் குறைத்தாள்.

"இப்ப அன்ரி, நீங்கள் கதையுங்கோ. எனக்குக் கேட்கவேண்டாம். பக்கத்தில இருக்கிறவருக்கு மட்டும் கேட்டால் போதும்."

ஐறீன் வாயைத் திறந்தாள். மெல்லச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், "தேத்தண்ணி போடட்டோ?" என்றாள்.

"போடும்" என்றார் அவர்.

யோகேஸ்வரி சிரித்தாள். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறை அழைத்தாள். முதலில் வீட்டுக்குள் மட்டும், பிறகு மாடிப்படியில், பிறகு சந்தையில் என்று பழக்கினாள். தெரு இரைச்சலுக்கென்று தனியாக ஒரு செட்டிங் அமைத்து, போனில் எதைத் தொடவேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். ஐறீனுக்கும் வீட்டுப்பாடம் உண்டு. அடுத்த அறையிலிருந்து கூப்பிடக்கூடாது, முகம் பார்த்துச் சொல்லவேண்டும். மறந்து கத்தும்போதெல்லாம் அவர் கையை மட்டும் உயர்த்திக் காட்டுவார்.

சின்னக் கதைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மீன்காரியின் பகிடிக்கு அவர் இருமும்வரை சிரித்தார். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோவிலுக்குப் போய் வந்து, இரண்டுபேரும் கட்டிலில் கால் நீட்டி இருந்தபோது, ஐறீன் தான் சொல்ல நினைத்திராத ஒன்றைச் சொன்னாள்.

"போன வருஷம் எனக்கு மார்பில ஒரு கட்டி வந்தது. டில்ஷானியோட போய்க் காட்டினனான். ஊசி போட்டு எடுத்துப் பார்த்தவை. ஒண்டுமில்லை எண்டிட்டினம்."

அவர் திரும்பிப் பார்த்தார். "ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"எப்பிடிச் சொல்லுறது? நான் சொன்னா முதல்ல கீழ்வீட்டுக்குத்தானே கேட்கும்."

அவர் காலை மடக்கி நிமிர்ந்து இருந்தார். கோபம் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் கையை நீட்டி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"முடிவு வரும்வரைக்கும் பயந்துபோய் இருந்தனீரோ?"

"ஓம்."

அந்த ஒரு சொல்லை அவள் உதட்டளவில்தான் சொன்னாள். அது அவருக்குக் கேட்டது.

மறுநாள் ஐறீன் லவ் கேக் செய்தாள். நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் செய்கிற கேக். முந்திரிப் பருப்பைக் குறைக்கவில்லை. எண்ணெய்த் தாளில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்து, வவுனியா பஸ் பார்சலில் யோகேஸ்வரிக்கு அனுப்பினாள். மெஷினுக்குக் காசு கொடுத்தாயிற்று, கேக் எதற்கு என்று றொஹான் கேட்டான். "அது மெஷினுக்கு. இது வேற" என்றாள்.

இரண்டு நாள் கழித்து யோகேஸ்வரியிடமிருந்து குரல் செய்தி வந்தது. சவுந்தரநாயகத்தின் போனுக்குத்தான் வந்தது. அவர் தொட்டதும் செய்தி நேரே அவருடைய காது மெஷினுக்குள் போய்விட்டது. ஐறீனுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் தலையாட்டித் தலையாட்டிச் சிரிப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னவாம்?"

"கேக் உடையாமப் போய்ச் சேர்ந்துட்டுதாம். ஒப்பீசில எல்லாரும் திண்டவையாம். தனக்கெண்டு ரெண்டு துண்டு ஒளிச்சு வச்சிருக்கிறாளாம்."

"வேற?"

"அடுத்த கிழமை கோல் எடுக்கிறாளாம். உம்மட குரல் இப்ப நல்ல வடிவா இருக்காம்."

ஐறீன் சந்தேகத்தோடு பார்த்தாள். "அந்தப் பிள்ளை அப்பிடிச் சொல்லியிராது."

"இல்லைத்தான்" என்றார் அவர். "அது நான் சொன்னது."