ஒரு கடைக்கு ஒரு கடன்

வெள்ளம் வடிந்த பிறகு பட்டறையின் ஷட்டரைத் தூக்கியபோது முதலில் கண்ணில் பட்டது ஃபோம்தான். சுவரோரம் அடுக்கி வைத்திருந்த அத்தனையும் தண்ணீரைக் குடித்து, வயிறு ஊதி, தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றை வெளியே இழுக்க அக்காவும் தம்பியும் சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ரெக்ஸின் சுருள்களில் பூஞ்சை பிடித்திருந்தது. இரண்டு தையல் மெஷின்களின் மோட்டாருக்குள்ளும் சேறு. தம்பி பழக்கதோஷத்தில் சுவிட்சைத் தொடப் போனான். அக்கா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"கடையும் போய் நீயும் போகணுமாடா?"

இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சிரிக்க வெகுநாள் ஆயிற்று.

வேன், ஆட்டோ, பஸ் எதுவானாலும் சீட் கவர் தைத்துக் கொடுப்பது அப்பா தொடங்கிய தொழில். அக்காவின் கல்யாணம் இரண்டு வருஷம்கூட நிலைக்கவில்லை. பெட்டியோடு திரும்பி வந்தவளிடம் அப்பா ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் மெஷின் முன்னால் உட்கார வைத்தார். அன்று உட்கார்ந்தவள்தான். வெட்டுவதும் தைப்பதும் அவள் பாடு. வாடிக்கையாளரைப் பிடிப்பது, அளவெடுப்பது, ஃபோம் வைத்து மாட்டுவது தம்பி பாடு. ஊரில் எல்லாருக்கும் அவள் அக்காதான். தலை நரைத்த டிரைவர்கள்கூட "அக்கா, நம்ம சீட்டு ரெடியா?" என்றுதான் வந்து நிற்பார்கள்.

அப்பா போன பிறகு கடை லைசென்ஸைத் தம்பி பேருக்கு மாற்றினார்கள். அன்று அவசரமாக ஒரு ஸ்கூல் வேனை முடிக்க வேண்டியிருந்ததால் அக்கா ஆபீசுக்குப் போகவில்லை. அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளத்தில் அடிபட்ட சிறுதொழில்காரர்களுக்கு அரசாங்கம் கடன் கொடுக்கிறது, முதல் வருஷம் வட்டி கிடையாது என்று ரேடியோவில் சொன்னார்கள். தம்பி அன்று பழைய பாக்கி வசூலிக்க அலைந்துகொண்டிருந்தான். அவனுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று அக்காவே கிளம்பிப் போனாள்.

வரிசை ஆபீஸ் வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் நின்றது. சலூன்காரர், மாவு மில்காரர், செருப்புக் கடைக்காரர் என்று எல்லார் முகத்திலும் ஒரே வாட்டம். அவள் முறை வந்ததும் கவுன்டரில் இருந்தவர் அவள் பேரையும் கடை முகவரியையும் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"இந்தக் கடைக்கு மனு வந்தாச்சேம்மா. ஒரு கடைக்கு ஒரு கடன்தான்."

"தம்பி போட்டிருப்பான். சொல்ல மறந்துட்டான் போல."

"ஆமா, ஓனர் ஒருத்தர், வேலையாள் ஒருத்தர்னு இருக்கு. அந்த வேலை செய்றவங்க நீங்கதானா? உங்க பேரு இருக்கே."

பின்னால் நின்றவர் நகரச் சொல்லி முனகினார். அக்கா நகர்ந்தாள். வெளியே வந்து வெயிலில் நின்றவளுக்கு எந்தப் பக்கம் பஸ் ஏற வேண்டும் என்பது சட்டென்று பிடிபடவில்லை.

சாயங்காலம் தம்பி வந்ததும் கேட்டாள்.

"நான் உன் கடையில வேலைக்கு இருக்கேனாடா?"

அவன் முதலில் விழித்தான். பிறகு விஷயம் புரிந்து, "ஐயோ அக்கா, அதுவா! ஒரு ஆளுக்காவது வேலை குடுக்கணும்னு ரூல்ஸ். இல்லன்னா மனுவையே வாங்க மாட்டாங்க. நீயும் நானும் தவிர இங்க யாரு இருக்கா? அதான் உன்னைப் போட்டேன்" என்றான்.

"ரெண்டு பேரும் ஓனர்னு போட்டிருக்கலாமே."

"லைசென்ஸ் என் பேருல இருக்குக்கா. காகிதத்துல என்ன இருந்தா என்ன? நமக்குள்ள தெரியாதா?"

அவன் சொன்னதில் கள்ளம் இல்லை. அதுதான் அவளை அதிகமாக அறுத்தது. ஏமாற்ற நினைத்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். இவனுக்கு அதில் ஒன்றுமே உறைக்கவில்லை.

மனுவைச் சரிபார்க்க அதிகாரி நேரில் வருவார், வேலையாளிடமும் விசாரிப்பார் என்று தகவல் வந்தது. அதற்கு முந்தின நாள் தம்பி மனைவி அக்காவைத் தேடி வந்தாள். காய்வதற்காக வெளியே போட்டிருந்த துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, நாளைக்கு வர்ற அதிகாரி அம்மா கேட்டா, வேலையாள்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஸ்கூல் ஃபீஸ் நிக்குது. வாடகை நிக்குது. உங்க மனசு புரியாம இல்ல. ஆனா இப்போ நமக்கு மானத்தைவிட மெஷின் முக்கியம்."

அக்கா தலையை ஆட்டினாள். சொல்லிவிடுவதாகத்தான் அப்போது நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

மறுநாள் வந்த அதிகாரி நடுவயதுப் பெண். சேற்றுக்குப் பயந்து சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகியிருந்தார். மெஷின்களைப் படம் எடுத்தார், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார். தம்பியிடம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"நீங்க இங்க என்ன வேலைம்மா பாக்குறீங்க?"

"தைக்கிறேன்."

"எவ்வளவு நாளா?"

"அவன் ஸ்கூல் போற காலத்துலேருந்து."

அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதினார். "சம்பளம் எவ்வளவு தர்றாரு?"

அக்கா வாயைத் திறந்தாள். ஒரு தொகையைச் சொன்னால் முடிந்துவிடும். தம்பி அவளைப் பார்க்காமல் ஷட்டரின் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தத் தொகையைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் வேலைக்கு ஒரு விலை உண்டு என்றே அவள் இதுவரை யோசித்ததில்லை. கல்லாவில் இருந்தால் வீட்டுக்கு எடுப்பார்கள், இல்லாவிட்டால் இல்லை. அவனுடைய ஸ்கூல் ஃபீஸும் அதில்தான் போனது, அவன் கல்யாணமும் அதில்தான் நடந்தது.

"சம்பளம்லாம் இல்லைங்க" என்றாள். "இது எங்க ரெண்டு பேரு கடை. அப்பா போனதுலேருந்து ரெண்டு பேரும்தான் நடத்துறோம். நான் வேலையாள் இல்லை."

சொல்லியே விட்டாள். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதிகாரி பேனாவை மூடினார். கோபப்படவில்லை. தம்பியிடம் பொறுமையாகவே சொன்னார். "சார், இப்படி எழுதினதை நான் அனுப்ப முடியாது. ஒண்ணும் மோசம் போகலை. ரெண்டு பேரும் பங்குதாரர்னு பத்திரம் எழுதிப் பதிவு பண்ணி, புதுசா மனு போடுங்க. பங்குதாரர்னா தனியா வேலையாள் காட்டணும்னு அவசியம் இல்லை. மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு."

அவர் போனதும் தம்பி ஷட்டரைப் பாதி இறக்கினான். பிறகு, "ஊரறிய என்னைப் பொய்யனாக்கிட்ட" என்றான்.

"நாளைக்கே பத்திரம் எழுதலாம்டா. நான் வரேன்."

"நீயே எழுதிக்கோ. நீயே நடத்திக்கோ."

சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். வீறாப்பு இரண்டு நாளில் தணியும் என்று அக்கா நினைத்தாள். தணியவில்லை. அவள் வீடு தேடிப் போனபோது உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னான். மாசக் கடைசியும் வந்து போனது.

தம்பி ஒரு குடோனில் மூட்டை இறக்கி ஏற்றும் இடத்தில் கணக்குப் பார்க்கச் சேர்ந்தான். ஆள் குறைந்த நாளில் அவனே மூட்டையும் தூக்க வேண்டியிருந்தது. அக்கா ஒரு மெஷினின் மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டுக் காலால் மிதித்துத் தைத்தாள். தடித்த ரெக்ஸினுக்கு அது ஈடுகொடுக்காது. பை தைத்தாள், கிழிந்த குடைத்துணிக்கு ஒட்டுப்போட்டாள். முழங்கால் இரண்டும் விட்டுப்போகும்போதெல்லாம் அந்த அதிகாரிக்குத் தான் சொன்ன பதில் ஞாபகம் வரும். ஒரு நாள் அதைச் சரி என்று நினைப்பாள், மறுநாள் தன்னையே கரித்துக்கொட்டுவாள். தம்பி மனைவி வளையலை அடகு வைத்தாள் என்று யாரோ சொன்னார்கள். அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

கடனுக்கு மறுபடியும் மனு வாங்குகிறார்கள் என்று செய்தி வந்தபோது மழைக்காலம் திரும்ப நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் தம்பி பட்டறை வாசலில் வந்து நின்றான். மெலிந்திருந்தான். தோள்பட்டையில் சட்டை தேய்ந்து நூல் தெரிந்தது. கையில் முத்திரைத்தாள்.

"எழுதுறவரைப் பாத்துப் பேசிட்டேன். சரிபாதின்னு சொல்லியிருக்கேன். நீ வந்து கையெழுத்துப் போட்டா போதும்."

அக்கா மெஷினை நிறுத்தினாள். என்ன கேட்பது என்று தெரியாமல், "சாப்பிட்டியா?" என்றாள்.

"அங்க ஒரு மேஸ்திரி இருக்கான்" என்றான் அவன், அவள் கேட்டது காதில் விழாதவன் போல. "நான் எழுதுன கணக்கை முதலாளிகிட்ட தன்னோடதுன்னு காட்டுறான். நான் பக்கத்துலயே நிக்கிறேன். என்னைத் திரும்பிக்கூட பாக்கலைக்கா. அவன் கெட்டவன்லாம் இல்ல. டீ வாங்கித் தருவான்."

அக்கா மெஷின்மேல் துணியைப் போட்டு மூடினாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய்க் கையெழுத்துப் போட்டார்கள்.

கேட்டதில் முக்கால் பங்குதான் வந்தது. ஒரு புது மெஷின், கொஞ்சம் ஃபோம், அதோடு சரி. குடோன் வேலையை இப்போதைக்கு விட முடியாது, முதல் சில தவணை கட்டும்வரை மத்தியானத்துக்கு மேல்தான் வருவேன் என்று தம்பி சொன்னான். மெஷின் வந்து இறங்கிய நாளில் பழைய டிரைவர்கள் நாலு பேர் கைகொடுத்துத் தூக்கி வைத்தார்கள். தம்பி பிள்ளைகள் ஓடி வந்து பார்த்தன. அவன் மனைவி மட்டும் வரவில்லை.

கடையைப் பூட்டிவிட்டு அக்கா அவளைத் தேடிப் போனாள். அவள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி" என்றாள், திரும்பாமல்.

"மெஷினைப் பாக்க வருவேன்னு நினைச்சேன்."

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கைகளில் கண்ணாடி வளையல்கூட இல்லை.

"நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன் அண்ணி. இப்போ அவரே அப்படித்தான் சொல்றாரு. ஆனா அந்த ஒரு வருஷம் நானும் பிள்ளைகளும் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். நியாயம் உங்களுது. பட்டினி எங்களுது. அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் எதற்காக என்று கேட்டால் அக்காவுக்குச் சொல்லத் தெரியாது. அப்படியே திரும்பிப் போய்விடவும் மனம் வரவில்லை. சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தாள். தம்பி மனைவி, மிச்சப் பாத்திரங்களை அவள் பக்கமாக நகர்த்தி, துடைக்கத் துணியும் எடுத்துக் கொடுத்தாள்.