மிஸ் கோராவுக்கு எந்த என்ஜின்

எங்கள் படகு மிஸ் கோராவின் பின்தளத்தை அறுத்தெடுத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. பழைய டீசல் என்ஜின்கள் இரண்டையும் கிரேன் வைத்துத் தூக்கி வெளியே போட்டாயிற்று. நாற்பத்தெட்டு வயது மரப்படகு, வான்சீஸ் ஊரின் படகு பழுதுபார்க்கும் கொட்டகையில் வயிறு திறந்து நின்றது. மே முதல் தேதி காசு கொடுத்து எங்கள் படகில் சூரை மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம். என் புருஷன் ஹார்லனோ தாடியைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க கேப்டன்," என்றார் மெக்கானிக் டெல்பர்ட். "பழசுக்கு ஒரு அகலத்துல மேடை கட்டணும், புதுசுக்கு வேற அகலம். கட்டிட்டா கட்டினதுதான்."

டெல்பர்ட்டிடம் இருந்தவை இரண்டு ஜோடி. ஒன்று, எங்கள் பழைய என்ஜின் ரகமே, பிரித்துச் சேர்த்தது. கனம், புகை, காதைக் கிழிக்கும் அலறல். இன்னொன்று புத்தம் புதுசு. எடை குறைவு, டீசலும் பாதிதான் குடிக்கும். ஏதாவது கோளாறு என்றால் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு அலாரம் அடிக்கும்.

"பழசையே போடு," என்றான் ஹார்லன். "மீன் அந்தச் சத்தத்துக்குத்தான் வருது."

இதைக் கேட்டு வேறு ஊரில் சிரிப்பார்கள். எங்கள் படகுத்துறையில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். ஒவ்வொரு படகுக்கும் ஒரு ரீங்காரம் உண்டு, சில படகின் ரீங்காரத்துக்கு மீன் மேலே எழும்பி வரும், என்ஜினை மாற்றினால் அது போய்விடும். அப்படிப் போன படகுகளின் பெயரை இங்கே விரல்விட்டு எண்ணுவார்கள். மிஸ் கோரா மீன் எழுப்புகிற படகு. ஆகவே ஹார்லன் சொன்னதற்குத் துறையே தலையாட்டியது, நானும் ஆட்டினேன்.

ஆட்டினேனே தவிர, மனசு ஒப்பவில்லை. போன அக்டோபரில் முகத்துவாரத்து மணல்திட்டின்மேல் இடது என்ஜின் நின்றுபோனது. பின்னால் வீட்டுக்கூரை உயரத்துக்கு அலை. பின்தளத்தில் தூண்டில் சுருட்டிக்கொண்டிருந்த எனக்குத் தெரியுமுன்னே மேலே சுக்கானில் நின்ற ஹார்லனுக்குத் தெரிந்துவிட்டது. சமாளித்துக் கொண்டுவந்து சேர்த்தான். அந்த ரகத்தையே மறுபடி உள்ளே இறக்குவதா?

புதனன்று டெல்பர்ட் ஒரு வழி சொன்னார். அதே புது என்ஜின் எல்வுட்டின் படகில் ஓடிக்கொண்டிருந்தது. ஹார்லன் அதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்றார்.

எல்வுட் ஹார்லனின் பள்ளிக்கூட சிநேகிதன். "வாடா கிழவா," என்றான். "தூங்கிடாதே, தாலாட்டு மாதிரி ஓடும்."

நிஜமாகவே அப்படித்தான் ஓடியது. போகும்போது மேல்தட்டில் நாங்கள் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டோம். ஹார்லன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றான். முகம் வெளுத்திருந்தது. பிடிவாதத்துக்கு ஒரு அளவு இல்லையா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

திரும்பும்போது சுக்கானை ஹார்லனிடம் கொடுத்துவிட்டு எல்வுட் கயிறு எடுக்கக் கீழே இறங்கினான். மணல்திட்டை நெருங்கினோம். பின்னாலிருந்து ஓர் அலை படகைத் தூக்கியது. அந்த நேரம் பார்த்து அலாரம் வீறிட்டது. இடது என்ஜினுக்கு டீசல் அடைத்துக்கொண்டிருக்க வேண்டும், அதன் வேகம் விழுந்தது.

ஹார்லன் அசையவில்லை. அலாரம் அவன் முழங்கைக்குப் பக்கத்தில் அலறுகிறது. அவன் நேரே கடலைப் பார்த்து இரண்டு என்ஜினின் வேகப்பிடியையும் முன்னே தள்ளிக்கொண்டே இருக்கிறான். படகு பக்கவாட்டில் திரும்பத் தொடங்கியது.

"ஹார்லன்!" அவன் காதருகே கத்தினேன். திரும்பவே இல்லை.

அவனை இடித்துத் தள்ளிவிட்டு சுக்கானைப் பிடித்தேன். வலது வேகப்பிடியை இழுத்துக் குறைத்து, சுக்கானைத் திருப்பி, அலை முதுகில் படகை நேராக்கினேன். அலை எங்களைத் தாண்டி உடைந்தது. முகத்துவாரத்துக்கு உள்ளே அமைதியான தண்ணீர் வந்த பிறகுதான் சுக்கானிலிருந்து ஒரு கையை எடுத்தேன்.

கரையில் எல்வுட் டீசல் வடிகட்டியைத் திட்டிக்கொண்டிருந்தான். நான் ஹார்லனை எங்கள் வண்டிக்குள் உட்காரவைத்து, அவன் முகத்தை என் பக்கம் திருப்பினேன்.

"எவ்வளவு நாளா கேக்கல?"

அவன் என் உதட்டையே பார்த்தான்; இப்படிப் பார்ப்பது புதிதில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "மூணு சீசனா. முதல்ல இடது காது. அப்புறம் ரெண்டும்."

"அக்டோபர்ல எப்படித் தெரிஞ்சுது?"

"உள்ளங்கால்ல. பழசு நடுங்குறது பல் வரைக்கும் ஏறும். இது..." கையை விரித்தான். "இதுல ஒண்ணுமே இல்ல நோரீன். செத்த மாதிரி இருக்கு."

"அப்ப அந்த மீன் கதை?"

"ஊரே நம்புது. நான் சும்மா சொன்னேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வருஷம் தடவைக்கு ஆறு பேரை ஏற்றிக்கொண்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு, காது கேட்காமல் அந்த முகத்துவாரத்தைத் தாண்டியிருக்கிறான். அடிக்கலாம் போல இருந்தது. அழுகைதான் வந்தது.

"சொன்னா என்ன ஆகும்? லைசென்ஸ் போகும்," என்றான். "படகை விட்டு எறங்கினா நான் யாரு?"

"எறங்கச் சொன்னேனா? எங்கிட்டயும் லைசென்ஸ் இருக்கு. பதினோரு வருஷமா அலமாரியில தூங்குது. ஏறுறவனுக்கெல்லாம் மேல தாடி வச்ச ஆள் நிக்கணும்னு ஆசை, அதான் வெளியே எடுக்கல."

அவன் கையிலிருந்த பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டான். பிறகு, "அப்பக்கூடப் பழசையே போடலாமே," என்றான்.

"உன் காதைத் தின்னது அதுதான். என் காதையும் குடுக்கணுமா? உன்னை வீடு கொண்டுவந்து சேர்க்க எனக்கு அது வேணும்."

வியாழன் காலை டெல்பர்ட்டிடம் புதுசு என்று சொன்னேன். "மீன் வரலன்னா?" என்றார். ஹார்லன் மிஸ் கோராவின் பலகையைத் தடவிக்கொண்டு நின்றான். பதில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "வரலன்னா தேடிப் போறோம்."

மே முதல் தேதி ஆறு பேர் ஏறினார்கள். "கேப்டன் யாரு?" என்று ஒருவன் ஹார்லனைப் பார்த்தே கேட்டான். ஹார்லன் உதட்டைப் படித்துவிட்டு, கட்டைவிரலால் மேலே என்னைக் காட்டினான்.

மணல்திட்டு வந்தது. என் காதுக்கு இரண்டு என்ஜினும் ஒழுங்காகவே ஓடின, அலாரம் இல்லை. ஆனாலும் திரும்பிப் பார்த்தேன். ஹார்லன் பின்தளத்தின் ஓரத்தில் குனிந்து, இடப்பக்கக் குழாயையும் வலப்பக்கக் குழாயையும் எட்டிப் பார்த்தான். என்ஜின் ஓடும்வரைதான் அந்தக் குழாய் தண்ணீர் துப்பும்; இரண்டும் துப்பிக்கொண்டிருந்தன. நிமிர்ந்து, இரண்டு விரலை உயர்த்தினான்.

அதைப் பார்த்த பிறகுதான் வேகத்தைக் கூட்டினேன்.