வசந்தம் நகருக்கு ஒரு ஆபீசர்

தேனியில் ஆட்டோக்காரர்களிடம் வசந்தம் நகர் என்று சொன்னால் யோசிப்பார்கள். குப்பைமேட்டுத் தெரு என்றால் உடனே, "ஏறுங்க" என்பார்கள். தெரு முக்கில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் அந்த மேடு. பக்கத்துத் தெருக்காரர்கள் கொண்டுவந்து கொட்டியது பாதி. வசந்தம் நகர்க்காரர்களே வேலைக்குப் போகிற அவசரத்தில் வண்டியை நிறுத்தாமல் வீசிவிட்டுப் போனது மீதி. நகராட்சி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். அது தெருவைத் தாண்டுவதற்குள் அடுத்த மேட்டுக்கு அஸ்திவாரம் விழுந்திருக்கும்.

இதில் ரொம்ப நொந்துபோனவர் ஜெபமணி. கடைவீதியில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருந்தார். நகரின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு இணைச் செயலாளர். நல்ல மனிதர், ஆனால் பேச எழுந்தால் உட்கார மாட்டார். "குப்பை என்றால் என்ன?" என்று கூட்டத்தில் ஆரம்பிப்பார். சிங்கப்பூருக்குப் போவார். அங்கிருந்து பைபிளில் வரும் மோசே காலத்துப் பாளையத்துக்குப் போய், வனாந்தரத்தில்கூட ஜனங்கள் எவ்வளவு சுத்தமாக இருந்தார்கள் என்று விளக்குவார். வசந்தம் நகருக்கு அவர் திரும்பி வரும்போது எதிரே காலி நாற்காலிகள்தான் இருக்கும்.

சங்கத்துக்குத் தலைவர் கிடையாது. வாழைக்காய் மண்டி வைத்திருந்த தங்கபாண்டியும், மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற குருசாமியும் அந்தப் பதவிக்குப் போட்டி போட்டார்கள். இவர் வந்தால் நான் விலகுவேன் என்று அவர், அவர் வந்தால் நான் வீட்டையே விற்றுவிட்டுப் போவேன் என்று இவர். குப்பைமேட்டுக்கு முறை வைத்துக் காவல் இருப்பதென்று ஒருமுறை முடிவாயிற்று. தங்கபாண்டி காவல் இருந்தபோது குருசாமி கொட்டினார். குருசாமி இருந்தபோது தங்கபாண்டி கொட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொண்டை கட்டிப்போய்க் கூட்டத்திலிருந்து வந்த ஜெபமணிக்கு, மனைவி ஷீபா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள்.

"கடையில மாடிப்படிக்குக் கீழ ஒரு பொம்மை கெடக்கே, அதக் கொண்டாந்து அங்கன நிப்பாட்டுங்க. உங்களுக்குப் பதிலா அது பாத்துக்கட்டும்" என்றாள்.

கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் ஜெபமணி மறுநாளே அதைக் கொண்டுவந்துவிட்டார். சட்டை பேன்ட் மாட்டிக் கடை வாசலில் நிறுத்துகிற ஆள் உயரப் பொம்மை. வலது கை முன்னால் நீண்டிருக்கும். சுண்டுவிரல் உடைந்ததால் மாடிப்படிக்குக் கீழே போனது. விற்காமல் கிடந்த ஒரு சஃபாரி சூட்டை ஷீபா அதற்குப் போட்டுவிட்டாள். கூலிங் கிளாஸ், தொப்பி. வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். நீட்டிய கை நேராகக் குப்பைமேட்டைக் காட்டியது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யாரையும் யாரும் ஏமாற்றவில்லை. பொம்மையை ஆட்டோவில் கொண்டுவந்தபோது அதன் காலிரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைத் தெருவே பார்த்தது. கயிறு கட்டும்போது குருசாமிதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் பின்தெருவில் இட்லிக்கடை போட்டிருந்த சங்கிலியம்மாள் எச்சில் இலை வாளியோடு வந்தாள். நீட்டிய கையைப் பார்த்ததும் நின்றாள்.

"என்னய்யா கைய நீட்டிக் காமிக்கிற? நான் மட்டுந்தான் கொட்டுறனா? மாடி வீட்டுக்காரனெல்லாம் கொட்டும்போது எங்க போயிருந்த? நாதியத்தவன்னா கேள்வி கேப்பியா?"

வெயில் ஏறும்வரை பேசினாள். கடைசியில் அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"நல்ல வீட்டுப் பிள்ளை. இம்புட்டு வஞ்சும் ஒரு வார்த்தை எதுத்துச் சொல்லலையே" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

அதன்பிறகு யாரும் கொட்டவில்லை. பையோடு வருகிறவர்கள் அந்தக் கையைப் பார்த்ததும் ஏதோ மறந்துபோனவர்கள் போல வண்டியைத் திருப்பினார்கள். மேடு கரைந்தது. தரை தெரிந்தது. வேப்பமரத்தடியில் சிமென்ட் தளம் இருந்தது என்பதே அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. யாரோ பொம்மைக்குக் குடை கட்டினார்கள். யாரோ கழுத்தில் டவல் போட்டார்கள். பேர் தானாகவே வந்தது. ஆபீசர்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் பேச்சு வந்தது. வழக்கம்போலத் தங்கபாண்டியும் குருசாமியும் எழுந்து நின்றார்கள். சங்கிலியம்மாள் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏன் அடிச்சுக்கிறீக? ஆபீசரையே தலைவராப் போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியது. தங்கபாண்டி குருசாமியைப் பார்த்தார். குருசாமி எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"அவருன்னா எனக்கு ஆட்சேபனை இல்ல" என்றார் தங்கபாண்டி.

"எனக்கும்" என்றார் குருசாமி.

ஜெபமணி துள்ளி எழுந்தார். "என்னங்க இது? அது எங்க கடைப் பொம்மைங்க!"

கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. சபையில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவரைப் பார்ப்பது போல.

"அண்ணாச்சி, ஒரு மனுசன் நல்லா வந்தா சந்தோசப்படணும். இப்பிடியெல்லாம் பேசக்கூடாது" என்றார் தங்கபாண்டி.

தலைவர் வந்தபின் சங்கம் வேப்பமரத்தடியில் கூடியது. யாராவது ஒருவர் எழுந்து ஒரு யோசனை சொல்வார். ஆபீசர் மறுக்க மாட்டார். ஆகவே அது நிறைவேறிவிடும். அவருக்கு முன்னால் சத்தம் போட்டுப் பேச எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. சாக்கடை தூர்வாரினார்கள். எரியாத தெருவிளக்குகளுக்காகக் குருசாமி தன் பழைய ஆபீசுக்கு அலைந்து எரியவைத்தார். தங்கபாண்டி வாழைக்கன்றும் புங்கங்கன்றும் மண்டி வேனில் கொண்டுவந்து இறக்கினார். புங்கங்கன்றுகள் தெரு ஓரமாக வரிசை கட்டின.

ஜெபமணிக்குச் சோறு இறங்கவில்லை. சாக்கடையைத் தூர்வாரச் சொல்லி வருசக்கணக்காகக் கத்தியவர் அவர். அதே யோசனையைத் தங்கபாண்டி, "ஆபீசருக்கு அப்பிடி ஒரு எண்ணம் இருக்கு" என்று சொன்னதும் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்கள்.

"தெரு சுத்தமாச்சுல்ல? அப்புறம் என்ன?" என்றாள் ஷீபா.

"சுத்தமாச்சு. ஆனா ஷீபா, என்னையக் கேக்காம சுத்தமாச்சே!"

சேதி கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியது. ஆடி மாதம் ஒரு காலையில் கம்பத்திலிருந்து ஜீப் வந்தது. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப். திராட்சை வியாபாரி ஒச்சாண்டி முன்சீட்டிலிருந்து இறங்கினார். பின்னால் அவர் தெருக்காரர்கள் நாலைந்து பேர்.

"எங்க தெருவுலயும் இதே கதைதாங்க. ஆபீசர கொஞ்ச நாளு எங்ககிட்ட அனுப்பி வச்சீகன்னா புண்ணியமாப் போகும்" என்றார்.

ஜெபமணிக்கு மனசுக்குள் ஒரு ஜன்னல் திறந்தது. "தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. நான் சொல்றேன். கடை என்னுது, பொம்மை என்னுது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் தெரு திரண்டுவிட்டது. ஜீப்புக்கு முன்னால் சங்கிலியம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "மாத்தாதே மாத்தாதே, ஆபீசரை மாத்தாதே!" என்று தங்கபாண்டி குரல் கொடுக்க, குருசாமி பின்பாட்டுப் பாடினார். இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒச்சாண்டி தலையைச் சொறிந்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு ஆபீசர் மேல் இருந்த மரியாதை கூடிக்கொண்டே போனது.

அப்போதுதான் காற்று வந்தது. மலையிலிருந்து இறங்குகிற ஆடிக் காற்று, தகரத்தையே பேப்பர் மாதிரி தூக்குகிற காற்று. குடை விரிந்து இழுத்தது. கயிறு அறுந்தது. ஆபீசர் குப்புற விழுந்தார். தலை தனியாகக் கழன்று, தொப்பியோடு உருண்டு, தூர்வாரிய சாக்கடை ஓரத்தில் போய் நின்றது.

ஜெபமணி, "பாத்தீகளா?" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குருசாமி எழுந்தார்.

"காத்தோட்டம் விடுங்கப்பா. ஆபீசருக்கு மயக்கம்."

தங்கபாண்டி உடம்பைத் தாங்கினார். சங்கிலியம்மாள் தலையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் விசிறினாள். கம்பத்துக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார்கள். "உடம்பு சரியாகட்டும், பெறகு வாரோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கழுத்துப் பூட்டு நொறுங்கியிருந்தது. ஒட்டிக் காயவைக்க நாளாகும் என்று ஷீபா சொன்னாள். அன்று மத்தியானமே வேப்பமரத்தடியில் ஒரு கேரி பை கிடந்தது. சாயங்காலம் அதற்குத் துணையாக இன்னொன்று. தெரு பதறியது. ஷீபா சஃபாரி சூட்டைத் தூசி தட்டி எடுத்து, கணவன் தோளில் வைத்து அளவு பார்த்தாள்.

"கொஞ்சங்கூட இறக்க வேணாம். போட்டுக்கங்க" என்றாள்.

"நானா?"

"நீங்கதான். ஆனா ஒரு வார்த்தை பேசக்கூடாது."

மறுநாள் ஜெபமணி தன் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு, கூலிங் கிளாஸோடு, தெரு பார்க்க நடந்துபோய் மரத்தடியில் நின்று கையை நீட்டினார். தங்கபாண்டி பல்குச்சியோடு எதிரே வந்தார்.

"வாங்க ஆபீசர். உடம்பு தேவலையா?"

ஜெபமணி பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாசலில் நின்ற ஷீபா முறைத்தாள். மூடிக்கொண்டார்.

நாள் முழுக்கக் கை வலித்தது. ஆனால் அப்படி ஒரு மரியாதையை அவர் கண்டதில்லை. குருசாமி வணக்கம் வைத்தார். பள்ளிக்கூட வேன் டிரைவர் ஹாரனைக் குறைத்துக்கொண்டு போனார். இட்லி விற்று முடித்த சங்கிலியம்மாள் காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"ஆபீசரே, இந்தத் துணிக்கடைக்காரரு ஜெபமணி இருக்காருல்ல, அவரு மேல கோவப்படாதீக. உங்கள அனுப்பிவைக்கப் பாத்தாரு, நெசந்தான். வாயத் தொறந்தா மூட மாட்டாரு, அதுவும் நெசந்தான். ஆனா எங்க வீட்டுக்காரரு செத்தப்ப, யாரும் எட்டிப் பாக்காத வீட்டுக்கு, கடையச் சாத்திட்டு மொத ஆளா வந்தவரு அவருதான். அன்னைக்கிப் பூராவும் என்னமோ பேசிக்கிட்டே இருந்தாரு. ஒண்ணும் வெளங்கல. ஆனா அந்தச் சத்தம் இல்லன்னா நான் அன்னைக்கே போயிருப்பேன்."

கூலிங் கிளாஸுக்குக் கீழே தண்ணீர் இறங்கியது. நீட்டிய கையை மடக்க முடியாது, துடைக்கவும் முடியாது. "வேர்க்குது பாவம்" என்று சங்கிலியம்மாள் தன் துண்டால் ஒற்றிவிட்டுப் போனாள்.

பொம்மைக்குக் கழுத்து ஒட்டியதும் வேறொரு சூட் மாட்டி, தங்கபாண்டியின் மண்டி வேனில் அதைக் கூட்டிவந்தார்கள். மரத்தடியில் இப்போது இரண்டு ஆபீசர்கள். அந்த நேரம் பார்த்து ஒச்சாண்டியின் ஜீப்பும் வந்து நின்றது.

"கடவுளாப் பாத்து ரெண்டாக் குடுத்திருக்காரு. ஒண்ணு எங்களுக்கு!" என்றார் ஒச்சாண்டி.

சங்கம் அங்கேயே கூடியது. யாரை அனுப்புவது என்று ஆளாளுக்கு யோசித்தார்கள். பழையவர் அனுபவஸ்தர் என்றார் குருசாமி. அவருக்குக் கழுத்து பலவீனம், கம்பம் வரைக்கும் ஜீப் குலுக்கல் தாங்காது என்றார் தங்கபாண்டி. புதியவர் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்குப் போய்விடுகிறார் என்று யாரோ குறை சொன்னார்கள். கையைத் தூக்கி ஓட்டுப் போட்டார்கள். ஜெபமணிக்கு மாற்றல்.

ஷீபா கட்டுச்சோறு கட்டினாள். "கடைய நான் பாத்துக்கிறேன். வாய மட்டும் பாத்துக்கங்க" என்றாள்.

கம்பத்தில் அந்தத் தெரு மேடு பார்க்கவே பயமாக இருந்தது. அழுகின திராட்சையும் உடைந்த பெட்டிகளும் வாழைத்தாரும், சுற்றிலும் ஈ. ஜெபமணி நின்று கையை நீட்டினார். காலையில் வந்தவர்கள் தயங்கித் திரும்பினார்கள். மத்தியானம் முத்துராஜா என்று ஒரு ஜீப் டிரைவர், சாராய வாடையோடு, தலையில் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு வந்தான். கையைப் பார்த்தான். மூட்டையை அந்தக் கையிலேயே மாட்டிவிட்டான்.

ஜெபமணிக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

"தம்பி! குப்பைன்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

முத்துராஜா மிரண்டுபோய் நின்றான். ஜெபமணி சிங்கப்பூருக்குப் போனார். மோசேயோடு வனாந்தரத்தில் நடந்தார். எத்தனை நாளாக அடைத்து வைத்திருந்த பேச்சு! வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கம்பத்தில் அவர் பேச்சை இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆகவே ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒரு அம்மா வீட்டிலிருந்து பெஞ்சு கொண்டுவந்து போட்டாள். சீக்கிரமே முத்துராஜா தன் மூட்டையைத் தானே இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்து, "அப்புறம் அந்தச் சனங்க என்ன செஞ்சாக சார்?" என்று கேட்டான். வெயில் சாயும்போது அவனே எஸ்டேட் ஜீப்பைப் பின்னுக்கு எடுத்து, ஆட்களைக் கூப்பிட்டு மேட்டை அள்ள ஆரம்பித்தான்.

ஒச்சாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை. போனில் தங்கபாண்டியைக் கூப்பிட்டார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. உங்ககிட்ட இருக்கது சாதா ஆபீசர். எங்களுக்கு வந்திருக்கவரு பேசுறாருண்ணே!"

இன்னும் பேசிக்கொண்டிருந்த ஜெபமணியைத் தேனிக்குத் திரும்பக் கூட்டிப்போக ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஜெபமணி கூலிங் கிளாஸைக் கழற்றிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, டிரைவரைப் பார்த்துக் கையமர்த்தினார்.

"இரப்பா, இன்னும் சாக்கடைக்கே வரல" என்றார்.