குடவோலை இன்னிசைக் குழு

ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்னால் குடவோலை போட்டு உலகத்துக்கே தேர்தல் நடத்தக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் பெரிதாக எதுவும் செய்யாமல் களைப்பாறிக்கொண்டிருந்த உத்திரமேரூர், சென்ற வைகாசி மாதத்து ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, இரண்டாவது முறையாக வரலாற்றில் இடம்பிடித்தது. பஸ் ஸ்டாண்டு எதிரில் பன்னிரண்டுக்கு எட்டடி ஃப்ளெக்ஸ் ஒன்று அன்று எழுந்து நின்றது.

‘இசையுலகமே, சற்றே ஒதுங்கி நில்! எட்டு மாபெரும் கலைஞர்கள் சங்கமிக்கும் குடவோலை இன்னிசைக் குழு இதோ வருகிறது! நிறுவனர், தலைவர், இசை இயக்குநர்: மைக் செட் எஸ். புருஷோத்தமன்.’

நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட புருஷோத்தமன். அவனைச் சுற்றி ஏழு கறுப்பு நிழல் உருவங்கள். ஒரு நிழல் கிடார் வைத்திருந்தது. இன்னொன்று, இந்தத் தாலுகாவில் யாரும் நேரில் பார்த்திராத சாக்ஸஃபோனை ஊதிக்கொண்டிருந்தது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் இன்டர்நெட்டிலிருந்து எடுத்துப் போட்டவை. “ஆளுங்க போட்டோ வந்ததும் மாத்திக்கலாம்ணா” என்று சொல்லியிருந்தார். போட்டோ வரவில்லை. ஏனென்றால் ஆட்களே இன்னும் வரவில்லை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதலில் ஃப்ளெக்ஸ், அப்புறம் விஷயம் என்பதுதான் இந்தப் பக்கத்து நடைமுறை. கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும்தான் சம்பந்தப்பட்டவர் போய்ச் சேரும்வரை காத்திருப்பார்கள்.

புருஷோத்தமனுக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு ஏக்கர் நிலம், ஒரு டாடா ஏஸ் வண்டி, இருபத்திரண்டு வருஷமாக மைக் செட். கணக்குப் பார்த்தால் உத்திரமேரூர், சாலவாக்கம் சுற்றுவட்டாரத்தில் அதிகமான மேடைகளில் பேசியவன் அவன்தான். ஆனால் எந்த மேடையிலும் ‘மைக் டெஸ்ட்டிங், ஒன், டூ, த்ரீ’ என்பதற்கு மேல் அவனுடைய உரை போனதில்லை. மூன்று சொன்னதும் இறங்கிவிட வேண்டும். அப்புறம் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சால்வை போடுவார்கள். போன ஆடித் திருவிழாவில், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிவந்தவனைக் கூப்பிட்டு ஒரு சால்வை போட்டார்கள். டீசல் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பியதே புருஷோத்தமன்தான். அன்றைக்குத்தான் அவனுக்கு உள்ளே எதுவோ அறுந்தது.

“சால்வை தான வேணும்?” என்றாள் அவன் மனைவி ஜெயப்பிரியா. “காஞ்சீபுரம் போனா நாலு எடுத்துக்கினு வந்துடலாம். அதுக்கு எட்டு பேரக் கட்டி மேய்க்கணுமா?”

“நாமளே வாங்கி நாமளே போட்டுக்கினா அதுக்குப் பேரு துண்டுடி.”

திருவிழாக் கமிட்டித் தலைவர் தாண்டவராயன் ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். வருஷா வருஷம் கெங்கையம்மன் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து ஆர்க்கெஸ்ட்ரா வரவழைக்கிறவர் அவர்.

“டேய் புருசு, ஆடி மூணாவது வெள்ளி மேடை உனுக்குதான். உள்ளூர்ல இவ்ளோ பெரிய ஆள வெச்சிக்கினு எதுக்கு வெளிய போவணும்? ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். எட்டு பேருன்னு போட்டுகீற. எட்டு பேரு மேடைல இருக்கணும். நானு எண்ணிப் பாப்பேன். கொறஞ்சா, அடுத்த வருசத்துலேர்ந்து மைக் செட்டுக்கும் வேற ஆள பாத்துக்குவேன்.”

“ரெடியா கீறாங்கணா” என்றான் புருஷோத்தமன். தாண்டவராயன் போனதும் வண்டியை எடுத்துக்கொண்டு ஆள் தேடப் புறப்பட்டான்.

ஒரு வாரத்தில் நான்கு பேர் கிடைத்தார்கள். நான்கு பேரும் கீபோர்டு. சுற்றுவட்டாரத்தில் சர்ச்சுக்கு ஒரு கீபோர்டு இருந்தது, கீபோர்டுக்கு ஒரு இளைஞன் இருந்தான். அவர்களில் மூத்தவன் பெஞ்சமின். புருஷோத்தமன் அவனை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். நன்றாகத்தான் இருந்தது. வேறு சுருதியில் கேட்டான். பெஞ்சமின் விரல்களை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, மேலே ஒரு பட்டனை இரண்டு தடவை அழுத்திவிட்டு, அதையே திரும்ப வாசித்தான்.

“பட்டன் இல்லாம வாராதா தம்பி?”

“கம்பெனிக்காரன் பின்ன எதுக்குணா பட்டன் வெச்சான்?”

“பட்டன் ரிப்பேராச்சுன்னா?”

“அந்த ஞாயித்துக்கெழம ஜெபம் மட்டும்தான்.”

மற்ற மூவரும் இதே பட்டன்தான். அதுவும் அதே விரலால்.

கிடாருக்கு வசந்த்குமார். ஒரகடம் பக்கம் கார் கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் வேலை. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், அக்காவின் கல்யாண ஆல்பம் எல்லாவற்றிலும் கிடாரோடுதான் இருப்பான். புருஷோத்தமன் நேரில் போய், “எதுனா பண்ணிக் காட்டு நைனா” என்றான். வசந்த்குமார் கிடாரை மாட்டிக்கொண்டு ஒரு காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்தான். முடியைக் கோதி நெற்றியில் விட்டுக்கொண்டான். தூரத்தில் இருந்த ஏரிக்கரையைப் பார்த்தான். அரை நிமிஷம் அப்படியே நின்றான்.

“வாசிப்பா.”

“போட்டோ எடுக்கலியாணா?”

இருந்தாலும் கிடார் என்று ஒன்று இருந்தது. அதைப் பிடிக்கவும் தெரிந்தது. புருஷோத்தமன் ‘ஐந்து’ என்று எண்ணிக்கொண்டான்.

தாளத்துக்குத்தான் திண்டாட்டம். நிஜமாகவே வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று பார்த்தால் எல்லப்பனின் பம்பை செட் இருந்தது. ஐந்து பேர், ஐந்து பேரும் ராட்சசர்கள். எல்லப்பன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே போனில் காலண்டரைத் தள்ளினார்.

“ஆடி மூணாவது வெள்ளியா? காலைல ஐயங்கார்குளம், மத்தியானம் தென்னேரி, சாயங்காலம் வாலாஜாபாத். நாலாவது வெள்ளியும் இல்ல. அட, புரட்டாசி வரிக்கும் என் பொண்டாட்டிக்கே டேட் இல்ல, புருசு.”

“ஒரு ஆளையாச்சும் உடுணா. போட்டோல்லாம் போட்டு ஃப்ளெக்ஸ் வெக்கிறேன்.”

“ஃப்ளெக்ஸ் இன்னாத்துக்குப்பா? எங்க செட்டுக்கு ஒரு மைக் செட்டுக்காரன் கம்மியாதான் கீறான். நீ வாரியா?” என்று எல்லப்பன் கேட்டார். கிண்டல் ஒன்றும் இல்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் புருஷோத்தமனுக்குப் பேஜாராகிவிட்டது.

பாடகர்கள் விஷயம் வேறு. அவர்களைத் தேட வேண்டியதே இல்லை, தள்ளிவிடத்தான் ஆள் தேவைப்பட்டது. பெண் குரலுக்கு ஒரே ஒருத்திதான் வந்தாள். சுகிர்தா, தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ். நிற்கவைத்துக் கேட்டால் நன்றாகவே பாடினாள். ஆண் குரலுக்கு இருபத்து மூன்று பேர் வந்தார்கள். டீ மாஸ்டர், ஏரி சங்கத் தலைவர், பொடி டப்பாவோடு ஒரு ரிட்டையர்டு வாத்தியார், புருஷோத்தமனின் சொந்த மச்சான் இருவர், தாண்டவராயனின் மகன் தமிழ்வாணன். எல்லோரும் போனில் கரோக்கே போட்டுப் பாடிப் பழகியவர்கள். பாட்டு போனில் ஒரு பக்கம் போகும், இவர்கள் இன்னொரு பக்கம் போவார்கள், கடைசியில் இருவரும் ஏதோ ஒரு இடத்தில் சந்தித்துக்கொள்வார்கள். ஒருவரை எடுத்தால் இருபத்திரண்டு வீட்டோடு பேச்சுவார்த்தை முறியும்.

“இன்னாங்க, பேரு குடவோலை தான?” என்றாள் ஜெயப்பிரியா. “ஓலைய எழுதிக் கொடத்துல போட்டு எடுங்களேன். யாரும் உங்கள கேள்வி கேக்க முடியாது. ராஜாவே அப்டித்தான் பண்ணானாம்.”

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். புருஷோத்தமன் அதைப் பிடித்துக்கொண்டான். அடுத்த ஞாயிறு காலை, கமிட்டித் தலைவர் முன்னிலையில், இருபத்து மூன்று சீட்டுகளை எவர்சில்வர் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் தெரியாத ஒரு கைக்குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். உலகில் குரல் வளம் குடவோலை மூலம் தீர்மானிக்கப்பட்டது இதுவே முதல் முறை என்று தாண்டவராயன் பேசினார். மைக் இல்லாமலே பதினைந்து நிமிஷம் பேசினார். குழந்தை எடுத்த சீட்டில் தமிழ்வாணன் பேர் இருந்தது. இருபத்து மூன்று பேரில் குறைவாகப் பாடத் தெரிந்தவன் அவன்தான் என்பதில் மற்ற இருபத்திரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனாலும் கல்வெட்டில் இருக்கிற முறை. கேள்வி கேட்க முடியாது.

ஆக, எட்டு பேர் சேர்ந்தாயிற்று. கீபோர்டு நான்கு, கிடார் ஒன்று, குரல் இரண்டு, இசை இயக்குநர் ஒன்று. நெல் குடோனில் ஒத்திகை வைத்தார்கள். நான்கு பட்டன்களும் நான்கு விதமாக அழுத்தப்பட்டிருந்தன. தமிழ்வாணன் ஐந்தாவதாக ஒரு வழி கண்டுபிடித்தான். முதல் பாட்டு முடிந்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. குடோனுக்கு வெளியே கட்டியிருந்த எருமை மட்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருந்தது.

“அண்ணா, கோச்சிக்காத” என்றாள் சுகிர்தா. “எங்க சர்ச்சுல கிறிஸ்மஸுக்கு டிராக் போட்டுதான் பாடுவோம். மியூசிக் எல்லாம் பென் டிரைவ்ல ஓடும். இவுங்க சும்மா கை வெச்சிக்கினு ஒக்காந்தா போதும். யாரு வந்து ஒயரப் பாக்கப் போறா?”

“நீ அம்மன் பாட்டு பாடுவியாம்மா?”

“பாடுவேன். எங்க பாஸ்டருக்கு எவனும் வீடியோ அனுப்பாம இருக்கணும், அவ்ளோதான்.”

“தமிழ்வாணனுக்கு?”

“அவருக்குப் பாட்டோடயே இருக்கிற டிராக்கைப் போடுங்க. மைக்க மட்டும் கொஞ்சம் தூரத்துல புடிக்கச் சொல்லுங்க.”

புருஷோத்தமன் ஒரு நாள் முழுக்க யோசித்தான். மேடை இருக்கும், எட்டு பேர் இருப்பார்கள், கடைசியில் சால்வை இருக்கும். இசை எங்கிருந்து வந்தது என்று சால்வை கேட்கப்போவதில்லை. பென் டிரைவ் வாங்கினான்.

மூன்றாவது வெள்ளி சாயங்காலம் ஆறரை மணி. கூழ் ஊற்றி முடித்த சனம் மைதானத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. மேடையில் நான்கு கீபோர்டுகளின் ஒயர்களும் ஒழுங்காகப் பின்பக்கம் போய், அங்கே ஒன்றுமே இல்லாத இடத்தில் முடிந்தன. கீழே பந்தல் ஓரம் சவுண்ட் மிக்ஸர் முன்னால் ஜெயப்பிரியா உட்கார்ந்திருந்தாள். இருபது வருஷமாக அவன் சாப்பிடப் போகிற நேரங்களில் அதைப் பார்த்துக்கொண்டவள். எந்தக் குமிழ் எதற்கென்று அவளுக்கு அத்துப்படி. புருஷோத்தமன் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு மேடையின் நடுவில் நின்றான். வாழ்க்கையில் முதல்முறையாக மைக் முன்னால் நின்று எண்களைச் சொல்லாமல் “வணக்கம்” என்றான். கையைத் தூக்கினான். ஜெயப்பிரியா பட்டனை அழுத்தினாள். அறுபது வயலின்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. நான்கு கீபோர்டுக்காரர்களும் தலையை ஆட்டினார்கள். சுகிர்தா பாடினாள். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். அவன் கையைக் கீழே இறக்க, இசையும் இறங்கிற்று. அப்படியே நிற்கலாம்போல் இருந்தது.

இரண்டாவது பாட்டு தமிழ்வாணனுடையது. மைக்கைத் தூரத்தில் பிடிக்கச் சொன்னார்களே ஒழிய, எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. அவன் கார்டுலெஸ் மைக்கோடு நடந்துபோய், ஸ்பீக்கர் பாக்ஸுக்கு நேர் முன்னால் நின்று கையை விரித்தான். ‘கூ’ என்று ஊரே காதைப் பொத்துகிற மாதிரி ஒரு ஊளை கிளம்பியது.

இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சத்தம் கேட்டால் புருஷோத்தமனின் கால்கள் அவனைக் கேட்காமலே ஓடும். இப்போதும் ஓடின. ஜிப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்தான். ஜெயப்பிரியா குமிழை ஏற்கெனவே பாதி குறைத்துவிட்டிருந்தாள். அவன் மீதியைக் குறைத்தான்.

“அதான் நின்னுப்போச்சில்ல. நான் பாத்துக்கறேன், நீங்க மேல போங்க.”

“இருடி, இந்த ஒரு பாட்டு. அவன் எங்க போவான்னு தெரியாது.”

அந்த ஒரு பாட்டுக்கு அப்புறம் சுகிர்தாவின் மைக்கில் பேஸ் அதிகமாகத் தெரிந்தது. அதற்கப்புறம் இடது பக்கத்து பாக்ஸ் லேசாகக் கரகரத்தது. அதற்கப்புறம் டிராக் மாற்றுகிற இடத்தில் ஒரு இழை இடைவெளி விழுந்தது, அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதெப்படி? ஒரு ஒயரை மாற்றினான், ஒரு பாக்ஸைத் திருப்பினான். இரண்டு தடவை ஜெயப்பிரியா மேடையைக் காட்டினாள். இரண்டு தடவையும் “தோ போறேன்” என்றான். தாண்டவராயன் முன் வரிசையிலிருந்து விரலால் எண்ணிப் பார்த்தார். எட்டு சரியாக இருந்தது. புருஷோத்தமன் இறங்கியிருந்தான், ஆனால் சிறப்பு விருந்தினரான ஒன்றியக் கவுன்சிலர் ஏறி உட்கார்ந்திருந்தார்.

பதினோராவது பாட்டு முடிந்ததும், பாராட்டு என்று தாண்டவராயன் மைக்கைப் பிடித்தார்.

“இந்த மாபெரும் இசை வெள்ளத்தை நமக்கு வழங்கிய இசை இயக்குநர் அவர்களுக்குக் கவுன்சிலர் அவர்கள் பொன்னாடை போர்த்துவார்!”

“ஏங்க, உங்களத்தான் கூப்புடறாங்க” என்று ஜெயப்பிரியா அவன் தோளைத் தட்டினாள்.

“இரு, எக்கோ ஜாஸ்தியா கீது. ஒரு வார்த்தையும் புரியல பாரு” என்று புருஷோத்தமன் குனிந்து குமிழைத் திருகினான். தாண்டவராயன் மறுபடி கூப்பிட்டபோது ‘இசை இயக்குநர்’ என்ற வார்த்தை ஏரிக்கரைவரை துல்லியமாகக் கேட்டது.

கவுன்சிலருக்கு அடுத்த கூட்டம் வேறு இருந்தது. வந்ததிலிருந்து யாருடைய பெயரையும் அவர் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. எழுந்து, சால்வையை விரித்து, பார்க்க இசை இயக்குநர் மாதிரி இருந்த வசந்த்குமாரின் தோளில் போட்டார். வசந்த்குமார் கும்பிட்டான். போர்த்திய சால்வையைக் கவுன்சிலர் கையால் எடுத்து வேறு ஆளுக்குப் போடச்சொல்கிற தைரியம் தாண்டவராயனுக்கு இல்லை. அவரும் கைதட்டினார். புருஷோத்தமன் நிமிர்ந்து பார்த்தபோது மைதானம் முழுக்கக் கைதட்டிக்கொண்டிருந்தது. அவனும் தட்டினான்.

வசந்த்குமாரின் கிடாரில் அன்றைக்கு ஆறுக்கு மூன்று கம்பிகள்தான் இருந்தன.