ஐந்தடி ஒரு அங்குலம்

சுவரில் விழுகிற ஆள் தன் சொந்த உயரத்துக்குச் சரியாக விழுந்தால் பேசுவார். கால் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் அது வெறும் படம். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ப்ரொஜெக்டர் வாங்கப் போகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. பெரிதாகத் தெரிந்தால் போதும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நான் வேலை பார்க்கும் பம்ப்செட் கடையின் முதலாளி அப்படித்தான் செய்தார். இறந்துபோன அவருடைய அப்பா இன்றைக்கும் அவர் வீட்டுக் கூடத்தில் ஒன்பதடி உயரத்துக்கு ஊமையாக நிற்கிறார். பார்க்கவே வயிறு எரிகிறது.

எனக்கு வேண்டியிருந்தது ஐந்தடி ஒரு அங்குலம். அது என் மாமியார் ருக்குமணியின் உயரம்.

எங்கள் கல்யாண வீடியோவில் அவர் பதினோரு விநாடி வருகிறார். பந்தியில் சாப்பிடுகிறவர்களை விசாரித்துக்கொண்டே வந்தவர், நடுவில் நின்று, கேமராவுக்குப் பக்கத்தில் யாரிடமோ ஏதோ சொல்கிறார். உதடு அசைகிறது. அந்த நேரம் பார்த்துத் தவில்காரர் வெளுத்து வாங்குகிறார், ஒரு வார்த்தை கேட்காது. கல்யாணமான ஏழாவது மாதம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் நடமாடுவதை நாங்கள் பார்க்க மிச்சமிருப்பது அந்தப் பதினோரு விநாடிதான். டிவியில் ஒரு விரல் உயரம் இருப்பார். என் மனைவி பூங்கோதை இருபத்தைந்து வருஷமாக அந்த விரலுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“எங்கம்மா என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சிட்டா போதும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு,” என்றாள் இந்த வருஷம். பூங்கோதை எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. கேட்டபிறகு எப்படிச் சும்மா இருப்பது? பன்னிரண்டாயிரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கிளம்பினேன்.

ப்ரொஜெக்டர் கடையில் எனக்கு முதல் அதிர்ச்சி. பெட்டியின்மேல் ஒன்பதாயிரம் லூமன்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வெளிச்சத்துக்கு அதுதான் அளவு. பன்னிரண்டாயிரத்துக்கு ஒன்பதாயிரமா என்று வாயைப் பிளந்தேன்.

“அது பெட்டியோட லூமன்ஸ் சார்,” என்றார் விற்பனையாளர். “மெஷினோடது இருநூத்தி அம்பது.”

அடப்பாவிகளா! பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அட்டையில் உண்மையாகவே நல்ல வெளிச்சம் இருந்தது, கண் கூசியது. ஆனால் அட்டையில் லென்ஸ் இல்லையே, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது. மெஷினையும் பெட்டியையும் சேர்த்தே வாங்கிக்கொண்டேன். அட்டைப் பெட்டியை இப்போது குளியலறையில் மாட்டியிருக்கிறோம், அங்கே பல்பு தேவைப்படுவதில்லை.

அடுத்தது தூரம். வீடியோவில் மாமியார் படத்தின் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்கு வருகிறார். அவர் ஐந்தடி ஒரு அங்குலமாக விழ வேண்டுமென்றால் படத்தின் உயரம் ஆறடி நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். அதற்கு இந்த மெஷினைச் சுவரிலிருந்து பதினாலரை அடி தள்ளி வைக்க வேண்டும். நாங்கள் இருக்கும் கீழ்த்தளத்தில் எந்த அறையும் பன்னிரண்டு அடியைத் தாண்டாது. கிட்டத்திலிருந்தே பெரிதாகக் காட்டுகிற மெஷின் இருக்கிறதாம். அதன் விலையைக் கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நல்லவேளை, மாடிக் கூடம் பதினாறு அடி. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

மீதி இருந்தது இருட்டு. இருநூற்றைம்பது லூமன்ஸை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய படம் போட்டால் ஆள் வெளிறிப்போய்க் காய்ச்சல்காரர்போல் இருப்பார். வேலூர் வெயிலுக்குத் திரைச்சீலையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எங்கள் ஊரில் வெள்ளையடிக்கிறவர்களேதான் இருட்டும் அடிப்பார்கள். அவர்களில் கன்னியப்பன் கைராசிக்காரர். இரண்டு கோட்டு அடித்தால் அடுத்த ஆடி வரைக்கும் அசையாது. சுரண்டினாலும் வராது. ஒரு குறை, வாளியைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் பக்கத்தில் இருக்கிற சாமானெல்லாம் காணாமல் போய்விடும்.

பம்ப்செட் கடையிலிருந்தே அவருக்குப் போன் செய்தேன். “மேல வீட்டு ஹால்ல அடிச்சிடுங்க. வடக்குச் சுவரை மட்டும் விட்டுடுங்க, அங்கதான் படம் விழணும்,” என்றேன்.

“ஆவட்டும் சார்,” என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பூங்கோதை கூப்பிட்டாள். மாடியைக் கூட்டித் துடைத்துவிட்டுக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள், கன்னியப்பன் வரவே இல்லையாம். அவருக்குப் போட்டேன். அடித்து முடித்து, இரண்டாவது கோட்டும் காய்ந்துவிட்டது என்றார்.

அவர் அடித்திருந்தது எங்களுக்கு மேற்கே இருக்கும் எஸ்தர் டீச்சர் வீட்டில்.

“இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? மேல வீடுன்னா மேலண்ட வீடு. மாடின்னா மாடின்னு வாயத் தொறந்து சொல்லணும். எங்க அப்பாரு காலத்துலேர்ந்து மேலன்னா மேக்கதான்,” என்றார் கன்னியப்பன். அவர் சொல்வதிலும் தப்பில்லை. மேலே என்றாலும் மேற்கு என்றாலும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் இத்தனை காலம் வீடு கட்டியிருக்கிறோம் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை பேர் தப்பான வீட்டில் குடியிருக்கிறார்களோ!

மன்னிப்புக் கேட்க ஓடினேன். டீச்சர் வீட்டு வாசல்படியோடு வெயில் நின்றுபோயிருந்தது. உள்ளே கன்னங்கரேல் என்று இருந்தது. பேனா கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“யாரது? தணிகாசலமா? கால் பார்த்து வாங்க, ஸ்டூல் இருக்கு,” என்றார் டீச்சர். “காலாண்டுப் பேப்பர் திருத்திக்கிட்டு இருக்கேன்.”

“இருட்டுலயா டீச்சர்?”

“நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் பாஸ் ஆயிடறாங்க.”

நான் நடந்ததைச் சொன்னேன். டீச்சர் கோபப்படவில்லை. கன்னியப்பனுக்கு இரண்டு முறை டீ போட்டுக் கொடுத்ததாகவும், பஞ்சாயத்தில் ஏதோ இலவசமாக அடித்துக் கொடுக்கிறார்கள் என்று நினைத்ததாகவும் சொன்னார். தன் கூடமும் பதினாறு அடிதான் என்றார். “ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்துடறேன். இங்கயே போட்டுக்குங்க. உங்க மாமியாரை நானும் பார்த்தாப்ல இருக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நானும் பூங்கோதையும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனோம். டீச்சரின் இஸ்திரி மேசைமேல் வைத்தேன். படம் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் விழுந்தது. மெஷினை அண்ணாந்து பார்க்கும்படி வைத்தால் அப்படித்தான் விழும். அதைச் சரிசெய்ய மெஷினிலேயே ஒரு பட்டன் இருக்கிறது, ஆனால் அதை அழுத்தினால் ஆள் குட்டையாகிவிடுவார். அதனால் மேசையை உயர்த்தி, அடியில் டீச்சரின் அட்லஸைக் கொடுத்து மட்டம் பார்த்தேன்.

மாமியார் வரும் இடத்தில் வீடியோவை நிறுத்தினோம். அரக்குக் கலர் பட்டுப்புடவை, கழுத்தில் வியர்வை. நான் டேப்பை எடுத்தேன். மாமியாரை டேப் வைத்து அளப்பது மரியாதை இல்லைதான். பூங்கோதை கீழே குனிந்து அவர் பாதத்தில் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். நான் உச்சந்தலையில் பிடித்தேன்.

ஐந்தடி ஒன்றே முக்கால். மேசையை முன்னால் நகர்த்தினேன். ஐந்தடி முக்கால். பின்னால் இழுத்தேன். சரியாக ஐந்தடி ஒன்று வந்தது. மாமியார் அசையவில்லை.

“கொண்டைப் பூவோட அளக்கறீங்க,” என்றாள் பூங்கோதை. “பூ எங்கம்மா உயரத்துல சேராது.”

பூவைக் கழித்து, மேசையை ஒரு விரற்கடை பின்னால் தள்ளினேன். நிறுத்தியிருப்பதற்கான குறி படத்தின் மூலையில் அப்படியே இருந்தது. அதைச் சட்டைசெய்யாமல் மாமியார் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பூங்கோதையைப் பார்த்தார்.

“அக்கா, சாப்பிட்டீங்களா?” என்றார்.

அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷமாகக் கேட்காமல் இருந்தது அதுதான். பூங்கோதை டேப்பை விட்டுவிட்டு எழுந்தாள்.

“அக்காங்கறாங்க என்னை,” என்றாள் என்னிடம்.

“உனக்கு நாப்பத்தாறு. அவங்களுக்கு நாப்பத்தொண்ணு. வேற எப்படிக் கூப்பிடுவாங்க?” என்றேன்.

“நீங்க மாப்பிள்ளை வீடுதானே?” என்றார் மாமியார். முன்பின் பார்க்காத, வயதில் மூத்த பெண் என்றால் பெண் வீட்டார் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

பூங்கோதை கொஞ்சம் யோசித்தாள். “ஆமா,” என்றாள். அதுவும் பொய் இல்லை.

மாமியாரின் முகமே மாறிவிட்டது. சுவரிலிருந்து கையை நீட்டி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “எங்க பொண்ணுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திக்கா. மனசுல ஒண்ணும் கிடையாது. காலேஜ் கடைசி வருஷம், பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. அதுக்குள்ள முகூர்த்தம் வெச்சுட்டாங்க. எழுதணும்னு ராத்திரியெல்லாம் அழுதா. கல்யாணத்துக்கு அப்புறம் எழுதலாம்னு நான்தான் சமாதானம் பண்ணி வெச்சிருக்கேன். நீங்க பார்த்துக்குவீங்க இல்ல?”

அந்தப் பரீட்சைகளின் முதல் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். பதினாறு பேருக்குச் சமையல். ஹால் டிக்கெட் எங்கே என்று பூங்கோதை ஒரு தடவை கேட்டாள், தேடலாம் தேடலாம் என்று நான் சொன்னேன். வெட்கமாக இருந்தது. இருட்டு அடித்த கூடமாக இருந்ததால் யாரும் என் முகத்தைப் பார்த்திருக்க முடியாது.

“பார்த்துக்கறேன்,” என்றாள் பூங்கோதை.

“சத்தியமா?”

“சத்தியமா.”

“அப்ப கை நனைக்காமப் போகக் கூடாது, வாங்க,” என்று மாமியார் அவளை இழுத்தார். பூங்கோதை புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவருக்குள் ஏறினாள். படத்தின் அடிப்பக்கம் தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருந்தது.

நானும் டீச்சரும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தோம். பந்தியில் அவளுக்கு இலை போட்டார்கள். மாமியார் பக்கத்திலேயே நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போடச் சொன்னார். பூங்கோதை ரசம்வரை சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். பிறகு கை கழுவிவிட்டு எங்கள் பக்கம் வராமல், படத்தின் ஓரத்தில் போய் மறைந்துவிட்டாள்.

“எங்க போறா?” என்றார் டீச்சர்.

“அந்தப் பக்கம் பொண்ணு ரூம்.”

“அது வீடியோல வருமா?”

“வராது.”

தவில் நின்று, மறுபடி ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம் போல ஆகியிருக்கும். பூங்கோதை திரும்பி வந்தாள். கழுத்து நிறைய மாலையோடு ஒரு பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். இருபத்தொரு வயது. மைதீட்டிய கண் அழுது கலங்கியிருந்தது. இருவரும் ஒருவர் பின் ஒருவராக டீச்சர் வீட்டுக் கூடத்தில் இறங்கினார்கள். மாமியார் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றார். தலையை மட்டும் ஒருமுறை ஆட்டிவிட்டு அடுத்த பந்தியை விசாரிக்கப் போய்விட்டார்.

படம் மணவறைக்கு மாறியது. அங்கே இருபத்தேழு வயதில் நான் ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். பெண்ணை அழைச்சுண்டு வாங்கோ, பெண்ணை அழைச்சுண்டு வாங்கோ என்று சாஸ்திரிகள் கத்தினார். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். உட்கார்ந்திருப்பவனுக்கு உயரம் கணக்கில் வராது. அவன் வெறும் படமாகவே விழித்துக்கொண்டிருந்தான்.

“பூங்கோதை, அப்ப நம்ம கல்யாணம்?” என்றேன்.

“முதல்ல அவ பரீட்சை எழுதட்டும்,” என்றாள் பூங்கோதை. அந்தப் பெண்ணின் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி டீச்சரிடம் கொடுத்தாள். எந்தப் பாடம் என்று டீச்சர் விசாரித்தார். கணக்கு என்றது அந்தப் பெண். நல்ல பாடம் என்று டீச்சர் சொல்லிவிட்டு, பழைய நோட்டுகளைத் தேட உள்ளே போனார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. “இவர் யாரு அத்தை?” என்று பூங்கோதையைக் கேட்டது.

பூங்கோதை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

“ப்ரொஜெக்டர் மாட்ட வந்தவரும்மா,” என்றாள்.

“படம் ரொம்பத் தெளிவா இருக்குண்ணா,” என்றது அந்தப் பெண்.

“தேங்க்ஸ்மா,” என்றேன். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.