கல்லின் மேல் நிற்பவன்

பிளக்கைப் பிடுங்கக் குனிந்த சித்தப்பாவின் மணிக்கட்டை அவள் எட்டிப் பிடித்தாள்.

"விடுங்க அதை."

"ஃபேன் போட வேண்டாமா? உங்கம்மாவைப் பாரு, வேர்த்துக் கொட்டுது. கிடக்கிறவனுக்கும்..." என்று ஆரம்பித்தவர் மீதியை விழுங்கிக்கொண்டார்.

அண்ணன் கூடத்தின் நடுவில், பெஞ்சின் மேல் கிடந்தான். காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வண்டி மத்தியானத்துக்கு மேல்தான் வருமாம். தகரக் கூரை இப்போதே காயத் தொடங்கியிருந்தது. சித்தப்பா பக்கத்து வீட்டிலிருந்து ஆளுயர ஃபேன் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். அதன் மூன்று முனை பிளக் ஏறுகிற இடம் அந்தக் கூடத்தில் ஒன்றே ஒன்று. அதில் அண்ணனின் வீடியோ கேம் பெட்டி சொருகியிருந்தது. டிவி அணைந்திருந்தது; பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"அணைச்சா போயிடும்" என்றாள்.

"என்ன போயிடும்?"

"அவன் ஆடினது."

சித்தப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஆளே போயிட்டான். ஆட்டம் போனா என்ன? காலேஜுக்குப் போய் இதைத்தான் படிச்சுட்டு வந்தியா?"

"இருக்கட்டும்" என்றாள் அம்மா. மகனின் கால்மாட்டில் உட்கார்ந்து துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணும் புழுக்கமா இல்ல. அந்த லைட்டு அணைஞ்சா அவன் திட்டுவான்."

ஆட்டத்தைப் பதிந்து வைக்கும் மெமரி கார்டு செத்து ரொம்ப நாளாகிவிட்டது. அந்தப் பெட்டியையே இப்போது யாரும் செய்வதில்லை, கார்டுக்கு எங்கே போவது? ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் பெட்டி எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அணைத்தால் முதலிலிருந்து. வேலைக்குக் கிளம்பும்போது அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வான்: "அம்மா, அந்த லைட்டு அணைஞ்சுது, நான் செத்தேன்." அம்மா வீட்டைக் கூட்டும்போது துடைப்பத்தை அந்தப் பக்கம் கொண்டுபோனதே இல்லை. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அது எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?" என்றார் சித்தப்பா.

"அதை அவன் பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார் அப்பா, வாசல் பக்கம் பார்த்தபடி.

அவளுக்கு அது தெரியும். போனில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். "வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற ரூம்ல புகையை வெளிய தள்ள ஒரு ஃபேன் வச்சிருக்காங்க. பக்கத்துல பிளக்குதான் இல்ல. ஷோவுக்கு வச்சிருக்கான். நான் நம்ம வீட்டு பாக்ஸைக் கொண்டுபோய் ஓட்டிட்டேன்ல. இப்ப பட்டறையே நம்ம வீட்டுப் புண்ணியத்துல மூச்சு விடுது."

குளிப்பாட்டியும் அவன் நகக்கண்களில் நீலம் போகவில்லை. கடைசியாக அடித்த வண்டி நீலம் போலிருக்கிறது.

சற்று நேரத்தில் பட்டறை முதலாளி மாலையோடு வந்தார். அப்பா எழுந்து நின்றார். வாழ்நாளெல்லாம் யாராவது வந்தால் எழுந்து நின்றே பழகியவர், மகன் செத்த அன்றைக்கும் எழுந்து நின்றார். 

"தங்கமான பையன்" என்றார் முதலாளி. "இருமிக்கிட்டேயாவது வேலைக்கு வந்துடுவான். ஒரு நாள் மட்டம் போட்டதில்ல."

"மட்டம் போட விட்டீங்களா?" என்றாள்.

"ஏய்" என்றார் அப்பா.

"நெஞ்சு அடைக்குதுன்னு லீவு கேட்டவன்கிட்ட, டெலிவரி முடியட்டும்டான்னு சொன்னது யாரு?"

முதலாளி அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். "விடுங்க. படிச்ச பொண்ணு. பேசத்தான் செய்யும்."

 படித்ததால் அவள் பேசுகிறாள் என்றால், படிக்காததால்தான் அண்ணன் பேசாமல் இருமினான். இரண்டு பேரில் ஒருவர்தான் படிக்க முடியும் என்றபோது, தனக்குப் படிப்பு ஏறவில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனவன்.

"எங்க வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உங்ககிட்ட இருக்கு. இப்பவே கொடுத்தனுப்புங்க. இவனுக்குக் காத்து வேணும்."

"அதுக்கென்ன, இதோ" என்று அவர் செருப்பை மாட்டினார்.

பாக்ஸ் வரவில்லை. கூடத்தில் ஈ மொய்க்கத் தொடங்கியது. அம்மா கையால் விசிறி ஓட்டிக்கொண்டே இருந்தாள். பாக்ஸ் என்ன ஆயிற்றென்று கேட்க மகள் தெருவுக்குப் போனாள்.

எதிர்ச் சுவரோரம் பம்பரம் குந்தியிருந்தான். அண்ணனோடு அதே பட்டறையில் வேலை பார்ப்பவன். ஓரிடத்தில் நிற்க மாட்டான் என்பதால் அந்தப் பெயர். இன்று அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"பாக்ஸ் வராது பாப்பா" என்றான் அவள் கேட்கும் முன்பே. "இன்னிக்கும் பட்டறை ஓடுது. பெயிண்ட் ரூம்ல புதுசா ஒருத்தன் நிக்கிறான். உங்கண்ணன் ஆஸ்பத்திரியில இருக்கும்போதே சேர்த்துட்டாங்க. பாக்ஸைப் பிடுங்கினா அவனுக்கு மொத்தமும் புகைதான்."

அவள் சுவரில் சாய்ந்தாள். 

"அவன் என்ன ஆடிக்கிட்டிருந்தான் அண்ணா?"

"ரெண்டாவது பார்ட்டு. நீ ஆடினதில்லையே அது. நீ ஹாஸ்டலுக்குப் போனப்புறம்தான் வாங்கினான்."

"ரெண்டு பேர் ஆடுற கேமாச்சே. உங்ககூடவா?"

"என்னை எங்க சேர்த்தான்? உன் ஜாய்ஸ்டிக்கைத் தரையில வச்சுக் கால் கட்டைவிரலால அழுத்துவான். அவன் ஆளைக் கையால, உன் ஆளைக் காலால. நான் கேட்டா, அது தங்கச்சியோடதுடா, கை வைக்காதேம்பான். கை வைக்கக் கூடாதாம், கால் வைக்கலாமாம்!" சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பேசினான்.

"கடைசியில ஒரு கதவு வரும். ஒருத்தர் கல்லு மேல ஏறி நின்னாத்தான் கதவு தூக்கும். இறங்கினா விழுந்துடும். ஒருத்தர் வெளிய போகலாம், இன்னொருத்தர் உள்ளதான். அதோட முடிச்சுட்டாங்க. மூணாவது பார்ட்டுல உள்ள நிக்கிறவனை வெளிய எடுப்பாங்கன்னு பார்த்தா, கம்பெனிக்காரன் அந்தப் பார்ட்டை விடவே இல்ல, மறந்தே போயிட்டான். டீக்கடையில எங்களுக்கு டெய்லி இதே சண்டை. பழைய கேம்ல எந்தக் கேமைத் திரும்பப் புதுசா விடணும்னு. ரேஸ் கேம்தான்டாம்பேன் நான். தினம் ஊரான் வண்டியைத் தேய்க்கிறோம், அங்கயாவது ஓட்டிப் பாக்கலாமே. நியாயமா இல்லியா?"

"அவன் என்ன சொல்வான்?"

"போடா, ரேஸ்ல யாரும் உள்ள மாட்டிக்கிட்டு நிக்கலம்பான். ஒருத்தனை நிக்க வச்சுட்டுக் கடையைச் சாத்திட்டானுங்க, முதல்ல அவனை எடுக்கட்டும்பான்."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. 

"எப்பவும் அவன் ஆள்தான் கல்லு மேலயா?"

"எப்பவும்" என்றான் பம்பரம்.

அவள் உள்ளே வந்து டிவியைப் போட்டாள். "பொணத்தை வச்சுக்கிட்டு..." என்று யாருடையதோ ஒரு குரல் எழுந்தது. அப்பா கையைத் தூக்கினார். குரல் அடங்கியது.

திரையில் இருட்டான குகை. கல்லின் மேல் நீலச் சட்டைக்காரன், அண்ணனின் ஆள், நின்றிருந்தான். கதவு தூக்கியிருந்தது. வாசலில் சிவப்புத் தொப்பிப் பெண். ஒரு கால் வெளியே, வெளிச்சத்தில். முதல் பார்ட்டில் அடம்பிடித்து அவள் தேர்ந்தெடுத்த தொப்பி. இன்னும் ஓரடி வைத்தால் ஆட்டம் முடிந்துவிடும். அங்கே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான்.

ஜாய்ஸ்டிக் இரண்டும் டிவிக்குக் கீழே கிடந்தன. அவளுடையதைக் கையில் எடுத்தாள். முன்னால் போகும் பொத்தானில் அம்புக்குறி முழுக்கத் தேய்ந்து வழுக்கியது. பின்னால் வரும் பொத்தான் மட்டும் வாங்கிய அன்று இருந்தது போலவே இருந்தது. அதன் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அது இறுகிக்கிடந்தது. இன்னும் அழுத்தினாள்.

தொப்பிப் பெண் திரும்பினாள். வெளிச்சத்தை விட்டு இருட்டுக்குள் நடந்து வந்தாள். கல்லருகே வந்து நீலச் சட்டைக்காரனின் பக்கத்தில் நின்றாள். அவன் அசையவில்லை. கதவு திறந்தே இருந்தது.

அம்மாவின் தாடையிலிருந்து ஒரு வேர்வைத் துளி அண்ணனின் பாதத்தில் விழுந்தது. அம்மா அதை விரலால் துடைத்தாள்.

அவள் ஜாய்ஸ்டிக்கை வயர் சிக்காமல் சுற்றிப் பெட்டியின் மேல் வைத்தாள். மண்டியிட்டு, பிளக்கைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. ஃபேனின் பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டாள்.

"அணைச்சுட்டியாடி?" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

"ம்."

ஃபேன் ஒருமுறை முக்கி, சுற்றத் தொடங்கியது. அண்ணன் மேல் போர்த்தியிருந்த துணியின் ஓரம் எழுந்து படபடத்தது. அம்மா அதை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.