டனிஸ்ரனின் கடைசி அட்டை

அன்று, பிரெஞ்சு பேசும் அந்த நகரத்தின் அஹுன்ட்சிக் பகுதி வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஞானேந்திரன், அவர் மனைவி அல்போன்சம்மா, மகள் மெலனி, கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அருளம்பலம், பந்தி முடியும் நேரத்தில் வந்து சேர்ந்த வினோஜன். வேறு எவரும் அங்கே இருக்கவில்லை.

மகன் டனிஸ்ரன் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. காலையில் பூசை முடித்து வந்து சாப்பாட்டுக்கு இருந்தார்கள்.

மகன் பேஸ்போல் விளையாடியது ஞானேந்திரனுக்குப் பிடித்ததில்லை. மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கக் கோயிலில் மூப்பராக இருந்த குடும்பம் அவருடையது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஞாயிறு பூசையை விட்டுவிட்டு, புழுதியில் குந்தியிருந்து பந்து பிடிப்பதா? ஒரு ஆட்டம் பார்க்கக்கூட அவர் போகவில்லை. பயிற்சியின் நடுவே டனிஸ்ரன் மைதானத்தில் சரிந்து விழுந்தான். அவன் இருதயம் திரும்பத் துடிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் அட்டைகளைத் தேடத் தொடங்கினார்.

கழகம் ஆண்டுதோறும் ஒவ்வொரு வீரனுக்கும் படம் போட்ட அட்டை அடித்துக் கொடுக்கும். முன்பக்கம் முகமும் பெயரும், பின்பக்கம் அவன் ஆடிய கணக்கு. பிள்ளைகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். டனிஸ்ரன் தன்னுடையவற்றையெல்லாம் யார் யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தான். ஞானேந்திரன் கோட்டும் டையும் அணிந்து மெட்ரோ ஏறி, முன்பின் தெரியாத பெடியன்களின் கதவுகளைத் தட்டினார். "பொன்ஜூர், நான் டனிஸ்ரனின் தகப்பன்" என்று சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். பல் விழுந்த சிரிப்பு. அளவு பெருத்த தொப்பி. மீசை அரும்பிய கூச்சம். அட்டை சேர்க்கும் அல்பத்தின் பிளாஸ்ரிக் உறைகளில் அவற்றை வயதுப்படி அடுக்கியபோதுதான் மகன் வளர்ந்ததை அவர் பார்த்தார்.

கடைசி ஆண்டு அட்டை மட்டும் தேடாமலே கிடைத்தது. செத்தவீட்டில் பயிற்றுநர், அச்சகத்திலிருந்து வந்த உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்து கையில் வைத்தார். நெஞ்சுக் காப்பு, பதினேழாம் இலக்கச் சட்டை, தொப்பியின் நிழல் மூக்குவரை. கீழே டனிஸ்ரன் என்ற பெயர்.

"வடிவாய் நிக்கிறான்" என்றார் ஞானேந்திரன். அல்போன்சம்மா ஒருமுறை பார்த்துவிட்டு அட்டையை அவரிடமே நீட்டினார். முப்பத்தோராம் நாளுக்கு அந்தப் படத்தையே நினைவு அட்டையாக அச்சடித்து, பின்பக்கத்தில் செபம் போட்டுக் கோயிலில் கொடுத்தார்கள். பங்குச் சனத்தில் முக்கால்வாசிப் பேரின் பைபிளுக்குள் அது கிடக்கிறது. சைவக்காரரான அருளம்பலம்கூட ஒன்றை மணிபேர்சில் வைத்திருந்தார்.

ஆனால் அல்பத்தில் அந்த ஓர் அட்டை அடங்கிக் கிடக்கவில்லை. ஞானேந்திரன் முகம் தெரிய வைப்பார். அடுத்த முறை திறந்தால் உறைக்குள் அது முதுகு காட்டிக் கிடக்கும். மனைவி செய்யும் வேலை என்று நினைத்தார். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று ஏனோ ஒரு பயம்.

அன்று மேசை ஓரத்தில் அல்பம் இருந்தது. அதன் முன்னால் அல்போன்சம்மா ஒரு பிளேற்றில் சோறும் இறால் குழம்பும் போட்டு வைத்திருந்தார்.

"வேதக்காரர் படைக்கிறேல்லை எண்டு சொல்லுவியள், அண்ணை. அப்ப உது என்ன?" என்றார் அருளம்பலம்.

"உது படையல் இல்லை. சாப்பாடு" என்றார் ஞானேந்திரன்.

"ஆர் சாப்பிட?"

"நீர் உம்மடையைச் சாப்பிடும்."

கதவு தட்டப்பட்டது. மெலனி போய்த் திறந்தாள். திறந்தவள் கைப்பிடியை விடவில்லை. வழியை விட்டு விலகவும் இல்லை.

"ஆர் பிள்ளை?"

"அப்பா," என்றாள், திரும்பாமலே. "அந்தக் கார்டில இருக்கிறவர் வந்திருக்கிறார்."

படியின் வெளிச்சம் வாசலில் நின்றவனின் பின்னால் இருந்தது. அதே தொப்பி, மூக்குவரை அதே நிழல், அதே தாடை. அருளம்பலத்தின் கையிலிருந்த தண்ணீர்க் கோப்பை மடியில் கவிழ்ந்தது. எழுந்தார். சுவரோடு ஒட்டி நகர்ந்து, வந்தவன்மேல் பட்டுவிடாமல் வெளியே போனார். அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. கீழே அவருடைய கதவு பூட்டும் சத்தமும் கேட்டது.

வந்தவன் தொப்பியைக் கழற்றினான். "நான் வினோஜன், அங்கிள். டனியோட விளையாடினனான். உள்ள வரலாமோ?"

ஞானேந்திரன் முதுகை நிமிர்த்தி இருந்தார். "வாரும்."

பெடியன் மெலிந்து போயிருந்தான். சொல்ல வந்ததைத் தரையைப் பார்த்தே சொன்னான்.

"படம் எடுத்த அண்டைக்கு அவனுக்கு மூச்சு வாங்கினது. தன்ர பதினேழாம் நம்பர் சேட்டைக் கழட்டித் தந்தவன். எனக்காக நீ போய் நில்லு எண்டவன். உங்களுக்குத் தெரிஞ்சிடும் எண்டு நான் சொன்னன்."

"அதுக்கு அவன் என்ன சொன்னவன்?"

வினோஜன் தயங்கினான். "அப்பா பாத்தாலும் அவருக்குத் தெரியாது எண்டான்."

குளிர்ப்பெட்டி உறுமி ஓய்ந்தது.

"ஒரு வரியமா என்னை எல்லாரும் ஒரு மாதிரிப் பாக்கினம், அங்கிள். பஸ்சில ஒரு அம்மா என்னைக் கண்டு சிலுவை போட்டவ. ஞாயிற்றுக்கிழமையில எனக்கு மூச்சு முட்டுது. டொக்டர் ஒண்டும் இல்லை எண்டுறார். பின்னால இருந்து ஆரோ டனிஸ்ரன் எண்டு கூப்பிடினம். போன கிழமை நானும் ஓம் எண்டு பதில் குடுத்திட்டன்." அவன் முதல் தடவையாக நிமிர்ந்தான். "செத்த ஆக்களுக்குச் செபிக்கிற மாதிரி எனக்குச் செபிக்கினம். அந்தக் கார்டுகளைத் திருப்பி வாங்கிப்போடுங்கோ. நான் இன்னும் சாகேல்லை."

ஞானேந்திரன் அல்பத்தை இழுத்துத் திறந்தார். கடைசி உறையில் அட்டை முதுகு காட்டிக் கிடந்தது. உருவித் திருப்பினார். அட்டையைப் பார்த்தார், பெடியனைப் பார்த்தார், முந்தின ஆண்டு அட்டையைப் பார்த்தார். காது வேறு. கழுத்து வேறு. ஒரு குழந்தைகூடக் கண்டுபிடிக்கும்.

"உமக்குத் தெரியுமோ?" என்று மனைவியைக் கேட்டார்.

"முதல் நாளே தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"வடிவாய் நிக்கிறான் எண்டு எத்தினை பேருக்கு முன்னால சொன்னியள். என்ர பிள்ளையை இவருக்குத் தெரியேல்லை எண்டு செத்தவீட்டில வச்சு நான் எப்பிடிச் சொல்லுறது?"

"அதுதான் ஒவ்வொரு நாளும் இதைத் திருப்பி வச்சனீரோ?"

அல்போன்சம்மா அவரைப் புரியாமல் பார்த்தார். "அந்த அல்பத்தை நான் ஒருநாளும் தொட்டதில்லை."

மெலனி தலையசைத்தாள், தானும் இல்லை என்று.

அல்போன்சம்மா எழுந்து, அல்பத்தின் முன்னாலிருந்த பிளேற்றை எடுத்து வினோஜன் முன் வைத்தார். "இரும் தம்பி. சாப்பிடும்."

அது யாருக்கு வைத்த சோறு என்று அவனுக்கும் விளங்கியது. சாப்பிடலாமா என்று கேட்பதுபோல் மெலனியைப் பார்த்தான். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டான். அவன் சாப்பிட்டு முடியும்வரை ஞானேந்திரன் எதிரே இருந்தார். அட்டையை அவர் கை மூடியே வைத்திருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் கோயிலுக்குப் போனபோது கதை அவருக்கு முன்னரே அங்கே போயிருந்தது. ஆண்டுத் தினத்தன்று டனிஸ்ரன் வீட்டுக்கு வந்தானாம். தனக்கு வைத்த சோற்றைச் சாப்பிட்டானாம். அவனைக் கண்ட சைவக்காரரே காய்ச்சலில் படுத்திருக்கிறாராம். பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்த ஞானேந்திரனுக்குச் சனம் விலகி வழி விட்டது. வயதான ஒரு பெண் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பெண்ணின் மற்றக் கையில் அந்த நினைவு அட்டை இருந்தது. முத்தமிட்டு முத்தமிட்டு அதன் முகம் தேய்ந்துபோயிருந்தது.

"குடுத்துவச்ச குடும்பம், மூப்பர்" என்றார். "பிள்ளை வந்தவராமே?"

பேசாமல் நின்றால் போதும். மூன்று தலைமுறைக்கு இல்லாத மரியாதை அந்த மண்டபத்தில் அவருக்காகக் காத்து நின்றது. வாயைத் திறந்தால், பெற்ற பிள்ளையின் முகம் தெரியாத தகப்பன் என்ற பெயர்தான் மிஞ்சும். அல்போன்சம்மா பக்கத்தில் நின்றார். கணவரின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

ஞானேந்திரன் டையைச் சரிசெய்தார். எல்லாருக்கும் கேட்கும்படி, வாசகம் வாசிக்கும் அதே குரலில் சொன்னார்:

"வந்தது என்ர மகன் இல்லை. அவனோட விளையாடின வினோஜன். உங்கட கையில இருக்கிற படமும் வினோஜன்ரதான், அவன் உயிரோட இருக்கிறான். பிழை என்ரதான். கார்டுகளைத் திருப்பித் தாங்கோ."